யாளியும் பூதமும் அகதியாகப் போனால்: 4 நிமிஷ அனிமேஷன், மூணு பேர், முடியுமா?

தெப்பக்குளம் | 11 ஜூன் 2025
கடைசி வருஷ ப்ராஜெக்ட். மதுரையில இருக்கிற யாளி, பூதகணம், எல்லைமுனி எல்லாரையும் ஊரை விட்டுத் துரத்துறாங்க. படகேறி வேற நாட்டுல போய் அகதியா நிக்கிறாங்க. 4 நிமிஷம், 2டி, கையால வரையறது. நொடிக்கு 24 ஃபிரேம் வச்சா 5,760 ஓவியம். பிப்ரவரிக்குள்ள ஆகாதுன்னு கூட்டாளி சொல்றான். நேரத்தைக் குறைக்கவா, கதையைக் குறைக்கவா? துரத்தல், புயல், படகு கவிழறது மூணும் கட்டாயம் வேணும்.

ஒளிப்பெட்டி | 11 ஜூன்
5,760 ஃபிரேம், சரி. அத்தனை ஓவியம் எதுக்கு? ஒரு ஓவியத்தை ரெண்டு ஃபிரேம் நிறுத்துங்க, 2,880 ஆயிரும். கோடு சுத்தம் பண்ணி வண்ணமும் அடிச்சு ஒரு ஆள் ஒரு நாளைக்கு 12 முடிச்சா அதுவே நல்ல வேகம். மூணு பேருக்கு 36. அப்ப 80 வேலைநாள், அதுவும் யாருக்கும் காய்ச்சல் வராம, இன்டர்னல் தேர்வு குறுக்க வராம.

துரத்தல், புயல், கவிழ்தல் மூணும் அனிமேஷன்ல உள்ளதுலயே செலவு பிடிச்ச வேலை. தண்ணி ஒவ்வொரு ஃபிரேமும் மாறணும், துணி மாறணும், கேமரா ஆடணும். மூணையும் தூக்குங்க.

தெப்பக்குளம் | 11 ஜூன்
தூக்கிட்டா படத்துல என்னண்ணே இருக்கும்?

ஒளிப்பெட்டி | 12 ஜூன்
காத்திருப்பு இருக்கும். கடல்ல போறது ஒரு ராத்திரி. அதுக்கப்புறம் பல வருஷம் வரிசை, பதிவு, கையெழுத்து, கணக்கெடுப்பு, திரும்பவும் வரிசை. அகதி வாழ்க்கையில பெரும்பகுதி அதுதான். மாணவர் படம் எல்லாம் அந்த ஒரு ராத்திரியிலயே நின்னுபோகுது.

நிக்கிற ஆளை வரையறதுக்கு ஓவியமும் கம்மி. 240 நொடியில 110 நொடி காத்திருப்பு ஷாட்னு வைங்க, அதை 150 ஓவியத்துல முடிக்கலாம். மிச்சம் 130 நொடிக்கு 1,560. மொத்தம் 1,710, அதாவது 48 நாள். கதைக்கும் நல்லது, கைக்கும் நல்லது.

சக்கரமண் | 12 ஜூன்
150ல 110 நொடின்னா சும்மா ஸ்லைடு ஷோ மாதிரி இருக்குமே. பாக்கிறவன் வீடியோ ஸ்டக் ஆயிருச்சுன்னு நினைப்பான்.

ஒளிப்பெட்டி | 13 ஜூன்
ஒரே ஓவியத்தை அப்படியே நிறுத்தினா நினைப்பான். அதுக்கு ரெண்டு வழி.

முதல் வழி, கொதிகோடு. ஒரே நிலையை மூணு தரம் தனித்தனியா டிரேஸ் எடுத்து, ஒவ்வொண்ணையும் 3 அல்லது 4 ஃபிரேம் வைக்கிறது. வரிசை 1-2-3-1-2-3 வேண்டாம், கண்ணு தாளத்தைப் பிடிச்சிரும். 1-2-3-2-1-3ன்னு கலைச்சுப் போடுங்க. டிரேஸ் எடுக்கும்போது கண் விழி, மூக்கு நுனி, பாதம் மூணும் நகரக் கூடாது. அது நகர்ந்தா உயிர் வராது, நடுக்கம் வரும். குளிர்ல நிக்கிற மாதிரி இருக்கும்.

ரெண்டாவது, மூச்சு. சும்மா இருக்கிற மனுஷன் நிமிஷத்துக்கு 12லேருந்து 18 மூச்சு விடுவான். அதாவது ஒரு மூச்சு ஏறக்குறைய 80லேருந்து 120 ஃபிரேம். யாளி மாதிரி பெரிய உடம்புக்கு 150 ஃபிரேம் தாராளமா வைக்கலாம். மார்பு ஏற 8 ஓவியம் போதும், இறங்க அதே எட்டைத் திருப்பிப் போடுங்க. நடு ஓவியம் எல்லாம் சம அளவு, மேல் ஓரத்துலயும் கீழ் ஓரத்துலயும் அதைவிடக் கூட நிறுத்தணும், மொத்தம் மூச்சு நீளத்துக்குச் சரியா வரணும். ரெண்டு ஓவியத்துக்கு நடுவுல கோட்டுக் கனத்துக்கு மேல வித்தியாசம் வந்தா வெட்டி வெட்டித் தெரியும். நாலு உருவம் வரிசையில நின்னா நாலுக்கும் மூச்சு நீளம் வேற வேற வைங்க: 96, 110, 124, 150. ஒரே நேரத்துல ஏறி இறங்கினா பி.டி. பீரியட் ஆயிரும்.

கீழவாசல் | 14 ஜூன்
கதைப் பக்கம் ஒரு விஷயம். ஊரைவிட்டுப் போகும் பூதங்களை நீங்கள் புதிதாகக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. சிலப்பதிகாரம் அழற்படு காதையில் மதுரை எரியும்போது நகரைக் காத்துவந்த நால்வகைப் பூதங்களும் வெளியேறுகின்றன. என்ன நிறம், கையில் என்ன ஏந்தியிருந்தன என்பதுவரை அங்கேயே இருக்கிறது. வெளியேறிய பின் அவை எங்கே போயின என்று மட்டும் சொல்லவில்லை. உங்கள் 4 நிமிடம் அங்கே தொடங்கலாம்.

எல்லைமுனியை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. முனியும் கருப்பும் இன்றைக்கும் பலருக்குக் குலதெய்வம். மேலமடைப் பாண்டி முனி கோயிலில் இன்றும் கிடாய் வெட்டுகிறார்கள். அப்படிப்பட்ட சாமியை முகாமில் அதிகாரி முன்னால் கைகட்டி நிற்க வைத்தால், திரையிடும் அன்றைக்கு உங்கள் துறைத் தலைவருக்கு வேலை வரும். யாளிக்கும் பூதத்துக்கும் அந்தச் சிக்கல் இல்லை. யாரும் நேர்த்திக்கடன் வைப்பதில்லை.

சக்கரமண் | 14 ஜூன்
கருப்பே வந்த ஆளுதான அக்கா. அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பு மலையாள தேசத்துலேருந்து வந்து இங்கயே தங்குனவருன்னுதான கதை. அவரை விட்டா இந்தப் படத்துக்கு வேற யாரு பொருத்தம்?

கீழவாசல் | 14 ஜூன்
பொருத்தம்தான். அதனாலேயே அவரைக் காட்டாமல் அவர் வந்த வழியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் சாமி இடம்பெயரும் முறைகள் கண்ணுக்கே தெரியும்படி இருக்கின்றன. பிடிமண்: பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போய்ப் புது ஊரில் போட்டால் அங்கே கோயில். உசிலம்பட்டிப் பக்கம் சிவராத்திரிக்குச் சாமிப்பெட்டியைத் தலையில் வைத்துக் கூட்டமாக நடப்பார்கள். பூதம் கையில் ஒரு முடிச்சு மண், தலையில் ஒரு பெட்டி. இதற்கு வசனமே வேண்டாம்.

தெப்பக்குளம் | 16 ஜூன்
அக்கா, பிடிமண் எங்க மூணு பேருக்கும் பிடிச்சிருச்சு. ஆனா ஸ்கிரிப்ட்ல ஒரு மாத்தம் யோசிக்கிறோம். படகு வேண்டாம், நாலுவழிச்சாலைக்காகக் கோயில் திடலை எடுக்கிறாங்க, அதனால கிளம்புறாங்கன்னு வச்சா நம்ம ஊர் விஷயமா இருக்கும்ல?

கீழவாசல் | 16 ஜூன்
அது வேறு படம். நாட்டுக்குள்ளேயே இடம் மாறினால் எல்லை தாண்டவில்லை. எல்லை இல்லாவிட்டால் பதிவும் இல்லை, அட்டையும் இல்லை, ஒளிப்பெட்டி சொல்கிற வரிசையும் இல்லை. இழப்பீட்டு அலுவலகம் என்று இன்னொரு உலகம் வந்துவிடும். இரண்டையும் ஒரே படத்தில் போட்டால் நான்காம் நிமிடத்தில் பார்ப்பவருக்கு யார் யாரைத் துரத்தினார்கள் என்றே மறந்துபோகும்.

இங்கேயுள்ள நடைமுறையைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 1983க்குப் பிறகு கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர்களில் பலர் மண்டபம் முகாம் வழியாக மற்ற மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். மதுரை மாவட்டத்தில் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் முகாம்கள். 2021இல் அரசு பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. பழைய முகாம்களின் பத்துக்குப் பத்து வீடு, குடும்ப அட்டை, மாத உதவித்தொகை, கணக்கெடுப்பு நாளில் ஆள் நேரில் நிற்க வேண்டும் என்கிற விதி: உங்கள் பூதத்துக்கு இவைதான் எதிரி. வில்லன் தேவையில்லை.

கேமராவைத் தூக்கிக்கொண்டு நேராக முகாமுக்குப் போய்விடாதீர்கள். உள்ளே படமெடுக்க அரசு அனுமதி வேண்டும். வெளியே சந்தித்துப் பேசினாலும் முகம், பெயர், வீட்டு எண் எதுவும் ஓவியத்தில் வரக் கூடாது. யாராவது சொன்ன சம்பவத்தை எடுத்தால் ஸ்டோரிபோர்டை அவரிடம் காட்டுங்கள், வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். அனிமேடிக் (ஸ்டோரிபோர்டை நேரக்கணக்கோடு ஓட்டிப் பார்க்கும் முன்வடிவம்) கட்டத்திலேயே காட்டினால் உங்களுக்கும் நஷ்டம் குறைவு.

ஜிகர்தண்டா | 17 ஜூன்
ஒரு சந்தேகம். மீனாட்சி கோயில் எதிர்ல புதுமண்டபத்துல நானூறு வருஷமா நிக்கிற யாளிக்கு வரிசையில நிக்கிறது ஒரு கஷ்டமாய்யா?

ஒளிப்பெட்டி | 17 ஜூன்
கிண்டலுக்குக் கேட்டாலும் நல்ல கேள்வி. தூண்ல நிக்கும்போது அதுக்குத் தலைமேல பாரம் இருந்துச்சு. அது ஒரு வேலை. இங்க பாரமே இல்லை. முதுகை என்ன பண்ணுறதுன்னு தெரியாது. பத்துக்குப் பத்து அறைக்குள்ள நுழைஞ்சதும் தானாப் போய் ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டுக்கு அடியில முன்னங்காலைத் தூக்கி முட்டுக் கொடுக்கும். ராத்திரி எல்லாம் அப்படியே நிக்கும். பக்கத்து வீட்டுப் பூதம் வந்து ‘இறக்கு, விழாது’ன்னு சொல்லணும். யாளி ‘அம்மா, ஊரு’ன்னு அழுகிறதைவிட இந்த ஷாட் பத்து மடங்கு. பூதத்துக்கும் இப்படி ஒண்ணு: கட்டைவிரல் ரேகை வைக்கச் சொன்னா விண்ணப்பத்துல இருக்கிற கட்டம் விரலைவிடச் சின்னது. மை முழு எழுத்தையும் மூடிரும். எழுத்தர் அதைக் கசக்கிப் போட்டுட்டு அடுத்த தாளை எடுப்பாரு. பாஸ்போர்ட் போட்டோ 3.5க்கு 4.5 செ.மீ., யாளியோட தும்பிக்கை உள்ள அடங்காது. இப்படி ஒவ்வொருத்தர் உடம்பும் ஒரு படிவத்தோட மோதணும்.

தெப்பக்குளம் | 22 ஜூன்
யாளி மாதிரிப்படம் எடுக்க மீனாட்சி கோயிலுக்குப் போனோம், கைப்பேசியை வெளியவே வாங்கிட்டாங்க.

ஜிகர்தண்டா | 22 ஜூன்
2018 பிப்ரவரி தீ விபத்துக்கு அப்புறம் அப்படித்தான். நோட்டும் பென்சிலும் கொண்டு போங்க, அதுக்குத் தடை இல்ல. ஒண்ணு சொல்லணும், புதுமண்டபத்துத் தையற்கடையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போயிருச்சு, யாளி அங்கயே இருக்கு. உங்க கதைக்கு நேர் எதிரா நடந்திருக்கு.

ஒளிப்பெட்டி | 23 ஜூன்
பென்சில் நல்லது. போட்டோ எடுத்தா பிடரியில இருக்கிற எல்லாச் சுருளையும் வரையத் தோணும். 40 சுருள், 1,710 ஓவியம், பெருக்கிப் பாத்துக்கோங்க. பிடரியை மூணு பெரிய வடிவமாக் கட்டுங்க. சுருள், மணி, சங்கிலி வேலைப்பாடெல்லாம் ஒரு நிலையான டெக்ஸ்சரா வண்ணப் பகுதிக்குள்ள போயிரட்டும். உருவம் நகரும், வேலைப்பாடு உள்ள நகராம நிக்கும். கல்லுல செதுக்கின உணர்வு அதுலயே வந்திரும்.

நடையில பாதிப் பேர் தப்பு பண்றாங்க. நாலுகால் மிருகம் மெதுவா நடக்கும்போது வரிசை: இடது பின், இடது முன், வலது பின், வலது முன். குறுக்குக்கால் சேர்ந்து போனா அது ஓட்டநடை, குதிரைக்கு வேகம் பிடிக்கும்போது வரும். யாளிக்கு முழுச் சுழற்சி 48 ஃபிரேம் வைங்க, ஒவ்வொரு காலும் 12 ஃபிரேம் தள்ளி. பாதம் பட்டதும் உடம்பு உடனே இறங்கக் கூடாது, 4லேருந்து 6 ஃபிரேம் கழிச்சு இறங்கணும். கனம் அங்கதான் தெரியும். 24 ஓவியத்துல பாதியை வரைஞ்சு, மறுபாதிக்குக் கிட்டக்கால் தூரக்காலை மாத்திப் போட்டுக்கலாம். ஒரு காலுக்கு மட்டும் தண்டை மாட்டினீங்கன்னா அந்த வசதி போச்சு.

தெப்பக்குளம் | 24 ஜூன்
கேமரா பேனும் (கேமராவைப் பக்கவாட்டுல நகர்த்துறது) ரெண்டு ரெண்டு ஃபிரேமாப் போட்டா இன்னும் மிச்சமாகும்லண்ணே?

ஒளிப்பெட்டி | 24 ஜூன்
ஆகாது. பேன் எப்பவும் ஒவ்வொரு ஃபிரேமும் நகரணும், இல்லன்னா திரை அடிச்சுக்கும். அதுக்குக் கூடுதல் ஓவியமும் வேண்டாம், சாஃப்ட்வேர் நகர்த்தும். பேனுக்குள்ள ஆள் நடந்தா ஓவியம் ரெண்டு ஃபிரேம் நிக்கலாம், ஆனா அவன் இருக்கிற இடம் ஒவ்வொரு ஃபிரேமும் பின்னணியோட சேர்ந்து நகரணும். ரெண்டையும் பூட்டலைன்னா பாதம் தரையில வழுக்கும்.

சக்கரமண் | 2 ஜூலை
2டியை விட்டுட்டு ஸ்டாப் மோஷன் பண்ணலாமே. ஐயனார் புரவி எடுப்புக்கு மண்குதிரை செய்யற ஊருதான நம்ம ஊரு. குதிரை செய்யற வேளாரே பிடிமண் வாங்கித்தான வேலையை ஆரம்பிப்பாரு. மானாமதுரைல மண்ணு கிடைக்கும்.

சக்கரமண் | 2 ஜூலை
நானே இதுக்கு எதிராவும் சொல்லிடுறேன். சக்கரத்து மண்ணுல பொம்மை பண்ணி அசைக்க முடியாது, ஷாட் முடியிறதுக்குள்ள காஞ்சு வெடிச்சிரும். சுட்ட மண்ணை செட்டுக்கு வைங்க: தூண், படி, உடைஞ்ச புரவி. பொம்மைக்கு எண்ணெய்க் களிமண். அதுவும் மதுரை வெயில்ல விளக்கு போட்டா இளகி, விரல் ரேகையெல்லாம் விழும். ஏ.சி. இல்லாட்டி ராத்திரி ஷூட்டிங்தான்.

பொம்மை 20லேருந்து 25 செ.மீ. உள்ள 2 மி.மீ. அலுமினியக் கம்பி ரெண்டு இழை முறுக்கினது. எலும்பு வர்ற இடத்துல எம்-சீல் (இறுகிப்போற ஒட்டுப்பசை), முழங்கால் முழங்கை மட்டும் வெறும் கம்பி. முதல்ல உடையறது அந்த முழங்கால்தான், அதனால கால் நாலையும் சதுரக் குழாய்ல சொருகுற மாதிரி வைங்க, உடைஞ்சா மாத்திக்கலாம். பாதத்துல எம்3 நட்டு, தளத்துல துளைத் தகடு, அடியிலேருந்து திருகு. இது இல்லாம யாளியை மூணு கால்ல நிக்க வைக்க முடியாது.

ஜிகர்தண்டா | 3 ஜூலை
வீட்டு எல்.இ.டி. பல்புல எடுத்தா 50 ஹெர்ட்ஸ் மினுமினுப்பு வருமே?

சக்கரமண் | 3 ஜூலை
50 ஹெர்ட்ஸ் மின்சாரம், வெளிச்சம் மினுக்கறது 100. ஷட்டரை அரை நொடி வச்சா அது சராசரியாகி மறைஞ்சிரும். நம்ம ஊர்ல தொல்லை வோல்டேஜ் ஏறி இறங்கறது. பக்கத்து வீட்டுல மோட்டார் போட்டா படம் ஒரு பொட்டு இருட்டாகும். பேட்டரியில ஓடுற டி.சி. விளக்குப் பேனல் போடுங்க. எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூணும் மேனுவல். லென்ஸும் பழைய மேனுவல் லென்ஸா இருந்தா நல்லது. எலக்ட்ரானிக் லென்ஸ் ஒவ்வொரு கிளிக்குக்கும் அபெர்ச்சரை (ஒளி வர்ற துளை) மூடித் திறக்கும், கொஞ்சம் கூடக் குறைய மூடும். ஃபேனையும் அணைச்சிருங்க, பூதத்தோட வேட்டி ஆடும்.

தெப்பக்குளம் | 5 ஜூலை
2டியிலயே இருக்கோம். சுட்ட மண் தூண் மட்டும் 3டில பின்னணியா வைக்கிறோம், பிளெண்டர் சாஃப்ட்வேர்ல.

ஒளிப்பெட்டி | 5 ஜூலை
சரி. 40 நொடிக்கு மேல 3டி வேண்டாம். கம்ப்யூட்டர் ஒரு ஃபிரேமைப் படமாக்க (ரெண்டர்) 90 நொடின்னா 960 ஃபிரேமுக்கு முழுசா 24 மணி நேரம். நேரா எம்பி4ஆ ரெண்டர் போடாதீங்க, கரண்ட் போனா மொத்தமும் போச்சு. பி.என்.ஜி. வரிசையாப் போட்டா நின்ன ஃபிரேம்லேருந்து தொடரலாம். மூணு பேரும் ஒரே பதிப்பு வச்சுக்கோங்க. பிளெண்டர் 4.3ல 2டி வரையற கிரீஸ் பென்சில் கருவியைப் புதுசா எழுதிட்டாங்க, பழைய பாட வீடியோவுல காட்டுற மெனு அந்த இடத்துல இருக்காது. கோப்புப் பெயர்ல தமிழும் இடைவெளியும் வேண்டாம்.

மைக்செட் | 19 ஜூலை
ஒலியைப் பத்தி யாருமே பேசல, எப்பவும் போல. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ். தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குப் போய்க் கடல் ஓசை பிடிக்கப் போறீங்கன்னா மைக்குக்கு ரோம உறை கட்டாயம், அங்க வீசற காத்துல வெறும் ஸ்பாஞ்சு நிக்காது. பறையும் உருமியும் பதியும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லுக்குக் கீழ இருக்கட்டும். ஒவ்வொரு இடத்துலயும் யாரும் பேசாம ஒரு நிமிஷம் தனியா எடுத்து வைங்க, எடிட்ல ஒட்டுப்போட உதவும்.

ஆடி மாசம் வெளியில எதைப் பதிஞ்சாலும் பின்னால மைக்செட் பாட்டு ஓடும். அது சினிமாப் பாட்டு. திரைவிழாவுக்கு அனுப்பினா உரிமை கேட்பாங்க. அதனால வெள்ளன நாலு மணிக்கு எடுங்க.

குரல்: மதுரைப் பையனை வச்சு ஈழத் தமிழ் பேச வைக்காதீங்க. ஒரு வாக்கியத்துலயே கேலி மாதிரி ஆயிரும். உங்க பூதம் மதுரைப் பூதம், மதுரைத் தமிழே பேசட்டும். எழுத்தர் பேசுற மொழி யாருக்கும் புரியாத ஓசையா இருக்கட்டும்.

தெப்பக்குளம் | 20 ஜூலை
உதட்டசைவு? இணையத்துல கிடைக்கிற வாய் வரைபடம் எல்லாம் இங்கிலீஷுக்கு.

ஒளிப்பெட்டி | 20 ஜூலை
தமிழுக்கு ஏழு வாய் போதும்: மூடினது, லேசாத் திறந்தது, ‘ஆ’, ‘ஈ’, ‘ஓ’, ‘ஊ’, ‘வ’வுக்குக் கீழுதட்டுல பல். ழ, ள, ண எல்லாம் நாக்கு வேலை, வெளிய தெரியாது, வரைய வேண்டாம். கவனிக்க வேண்டியது இரட்டை எழுத்து. ‘அப்பா’, ‘அம்மா’ன்னா உதடு மூடி 4 ஃபிரேம் நிக்கணும். இங்கிலீஷ் வரைபடத்துப்படி ரெண்டோட விட்டா ‘அபா’ன்னு பேசுற மாதிரி இருக்கும். வாய் ஓசைக்கு ஒண்ணு ரெண்டு ஃபிரேம் முன்னாடியே மூடட்டும். யாளிக்கு இதெல்லாம் தேவையே இல்ல, தும்பிக்கை வாயை மறைச்சிரும். நீளமான வசனத்தை யாளிக்குக் கொடுத்திருங்க.

ஜிகர்தண்டா | 20 ஜூலை
இதான்யா மதுரை மூளை.

தெப்பக்குளம் | 9 ஆகஸ்ட்
அனிமேடிக் ரெடி. 3 நிமிஷம் 50 நொடி. கடைசி ஷாட்ல பூதம் பிடிமண்ணைக் கொட்டி அதுல கோயில் முளைக்கிற மாதிரி வச்சிருக்கோம்.

கீழவாசல் | 9 ஆகஸ்ட்
முளைக்க வேண்டாம். பத்துக்குப் பத்து வாடகையில்லா அறையில் தரை சிமெண்டு. மண்ணை எங்கே கொட்டுவது என்று அதற்குத் தெரியாமல் இருக்கட்டும். அடுத்த கணக்கெடுப்புக்குக் கூப்பிடுகிறார்கள், முடிச்சைத் திரும்பக் கட்டிக்கொண்டு போகிறது. ஓவியமும் மிச்சம்.

ஒளிப்பெட்டி | 9 ஆகஸ்ட்
அக்கா சொன்னதே சரி. முடிச்சுப் போடுற கை மட்டும் ஒவ்வொரு ஃபிரேமும் வரைங்க, 3 நொடி, 72 ஓவியம். படத்துல சிக்கனம் பாக்கக் கூடாத ஒரே இடம் அது. துணி ஓரம், விரல் இடுக்கு, சிந்துற நாலு மணல், எல்லாம் வரணும்.

தெப்பக்குளம் | 11 ஆகஸ்ட்
ரெண்டு சின்னக் கேள்வி. பிளெண்டர்ல முகாம் பலகை எழுதினா ‘பெயர்’ல கொம்பு எழுத்துக்குப் பின்னாடி விழுது. அப்புறம், விழாவுக்கு டி.சி.பி. (தியேட்டர்ல ஓட்டுற டிஜிட்டல் பிரதி) கேட்டா?

ஒளிப்பெட்டி | 11 ஆகஸ்ட்
பிளெண்டர் எழுத்துக் கருவி நம்ம எழுத்தைச் சேர்க்காது. இங்க்ஸ்கேப்ல எழுதி, எழுத்தைக் கோட்டு வடிவமா (‘பாத்’) மாத்தி, எஸ்.வி.ஜி.யாக் கொண்டு வாங்க. டி.சி.பி.க்கு டி.சி.பி.-ஓ-மேட்டிக் இலவசம். ஃபிளாட் அளவு 1998க்கு 1080, நீங்க 1920ல வரைஞ்சிருந்தா ரெண்டு ஓரமும் 39 பிக்சல் கறுப்பு வரும், பரவாயில்ல. புராஜெக்ட் 24லயே இருக்கான்னு பாருங்க. யாராவது டி.வி. கணக்குல 25 போட்டிருந்தா இப்பவே மாத்துங்க, ஒலி சேர்த்த பிறகு மாத்தினா எல்லாம் தள்ளிப்போகும்.